ஓன்னி கொடுத்த மருந்து

வெய்க்கோவின் துப்பாக்கி வெடித்துச் சிதறியது மான் வேட்டை தொடங்கிய முதல் நாள் காலையில். நான் அப்போது வேட்டைக் குடிசையில் அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தேன். விடிந்ததும் காட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் வேட்டுச் சத்தம் கேட்பது வழக்கம்தான். இது அப்படி இல்லை. கனத்த இரும்புத் தகட்டைத் தூக்கிப் பாறைமேல் போட்டதுபோல் இருந்தது. அடுத்து ஓன்னி கத்தினான். ஓன்னி கத்தி அதுவரை நான் கேட்டதே இல்லை.

ஓடிப்போய்ப் பார்த்தால், வெய்க்கோ பனியில் மல்லாந்து கிடந்தான். வலது பக்க முகம் முழுக்க ரத்தம். துப்பாக்கியின் மரக்கட்டை ஒரு பக்கம், குழாயை மூடுகிற பூட்டு ஒரு பக்கம். ஓன்னி தன் கோட்டைக் கழற்றி அண்ணனின் கையில் சுற்றிக்கொண்டிருந்தான். வெய்க்கோவுக்கு நினைவு இருந்தது.

"மான் விழுந்துச்சா?" என்று கேட்டான்.

"விழுந்துச்சுடா. பேசாம படு" என்றான் ஓன்னி. அங்கே மானே இல்லை.

ஆஸ்பத்திரியில் வலது கண்ணை எடுத்துவிட்டார்கள். வலது கையில் கட்டைவிரலும் அதற்கடுத்த விரலும் போய்விட்டன. வெய்க்கோவின் மனைவி ஹெல்வி வந்து சேர்ந்தபோது, ஓன்னி தாழ்வாரத்தில் ரத்தக்கறை படிந்த சட்டையோடு நின்றுகொண்டிருந்தான். அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவனே சொன்னான்.

"என் மருந்துதான் ஹெல்வி. நான் கொடுத்த பழைய வெடிமருந்து. அது கெட்டுப்போயிருக்கு. நான் பார்த்துக் கொடுத்திருக்கணும்."

ஹெல்வி அவனையே பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தாள். பிறகு திரும்பி உள்ளே போய்விட்டாள். அவளுக்கு அவன்மேல் கோபம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வெய்க்கோ, ஓன்னி, நான் மூவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். அதனால்தான் அவன் இவன் என்கிறேன். எங்கள் அப்பாக்கள் செம்புச் சுரங்கத்தில் வேலை செய்ய பின்லாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறி வந்தவர்கள். சுரங்கத்தை மூடி வருஷக்கணக்காகிவிட்டது. வயசுப் பிள்ளைகள் டெட்ராய்ட்டுக்கும் டுலூத்துக்கும் போய்விட்டார்கள். மிஞ்சியவர்கள் உருளைக்கிழங்கு போட்டு, காட்டில் மரம் வெட்டி, மான் இறைச்சியில் குளிர்காலத்தை ஓட்டினோம். தோட்டாவைக் கடையில் வாங்குபவன் எங்கள் பக்கத்தில் அபூர்வம். சுட்ட பித்தளைக் கூட்டை எடுத்துவந்து, புது மருந்தும் புதுக் குண்டும் வைத்து நாங்களே அடைத்துக்கொள்வோம். ஊசியும் நூலும் மாதிரி அதுவும் வீட்டுக்கு வீடு உண்டு. என் கணவர் எய்னோ இருந்தவரை அவர் செய்தார். அவர் போன பிறகு நான் செய்கிறேன்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில், ராணுவத்தில் மிஞ்சிய மருந்தைப் பீப்பாயோடு விற்றார்கள். ரயிலில் வந்து இறங்கும். ஓன்னி கல்யாணத்துக்கு முன்பே ஒன்று வாங்கிப் போட்டான். மெதுவாக எரியும் ரகம். பென்சில் கரியைப் பொடிப்பொடியாக நறுக்கினால் எப்படி இருக்கும், அப்படி இருக்கும். அவனுக்குக் கல்யாணமும் ஆயிற்று, அவன் மனைவி விட்டுவிட்டுப் போகவும் போனாள், பீப்பாய் மட்டும் தீரவில்லை. அதை அவன் சானா என்கிற நீராவிக் குளியலறைக்குக் கீழே இருந்த நிலவறையில் வைத்திருந்தான். மருந்துக்கு ஆகாதது சூடும் ஈரமும். வாரா வாரம் கல்லைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீர் ஊற்றிக் குளிக்கிற இடத்துக்குக் கீழே வேறு என்ன இருக்கும்? அந்த இலையுதிர் காலத்தில் வெய்க்கோவிடம் மருந்து தீர்ந்துபோய், கடையிலும் சரக்கு வராதபோது, ஓன்னி அந்தப் பீப்பாயிலிருந்து ஒரு டப்பா நிரப்பிக் கொடுத்தான்.

ஊருக்கு இது போதாதா? விஷயம் சாயங்காலத்துக்குள் எல்லா வீட்டுக்கும் போய்விட்டது. ஓன்னியே சொல்லிக்கொண்டு திரிந்தான் என்பதால் யாரும் சந்தேகப்படவும் இல்லை. மளிகைக்கடை ரூடி, ஓன்னி உள்ளே நுழையும்போதே ஆரம்பித்துவிடுவான்.

"ஓன்னி வீட்டுல மட்டும் யாரும் காபி குடிச்சிடாதீங்கப்பா. அந்தத் தூளும் போர்க்காலத்து சரக்கா இருக்கும்."

கடையில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். ஓன்னி சாமான்களை எடுத்துக்கொண்டு, தொப்பியைத் தொட்டு விடைபெற்றுப் போவான். ஒருநாள் நான் ரூடியைப் பிடித்துக்கொண்டேன்.

"உனக்கு வேற பொழப்பே இல்லையா?"

"ஏன் லெம்பி, நான் பொய்யா சொல்றேன்? அவன் வாயாலதானே சொன்னான்?"

நான் காசை வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

அந்தக் குளிர்காலத்தில் ஊரை ஒட்டிய பெரிய ஏரியிலிருந்து காற்று அள்ளிவந்த பனி வீட்டின் பாதி ஜன்னலை மறைத்தது. ஓன்னி தன் வீட்டுப் பனியைத் தள்ளுவதற்கு முன் அண்ணன் வீட்டுக் கூரையில் ஏறிவிடுவான். விறகு பிளந்து அடுக்குவான். சனிக்கிழமைகளில் சானாவைச் சூடாக்கி, வெய்க்கோவைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய், முதுகு தேய்த்து, தலை துவட்டி, சட்டைப் பொத்தான் போட்டு விடுவான். நான் இறைச்சியும் கிழங்கும் உள்ளே வைத்துப் பாஸ்டி சுட்டு எடுத்துக்கொண்டு போகிற நாட்களில் இதையெல்லாம் பார்த்திருக்கிறேன். ஹெல்வி அவனுக்குக் காபியும் ஏலக்காய் ரொட்டியும் வைப்பாள். வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவாள். அவன் இருக்கும்வரை வெளியே வர மாட்டாள்.

வெய்க்கோவுக்கு நினைவு தடுமாறியது. தலையில் அடிபட்டதால் இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். காபி குடித்துக்கொண்டே இருப்பான், திடீரென்று கையைத் தூக்கிப் பார்ப்பான்.

"என் கைக்கு என்னடா ஆச்சு?"

"துப்பாக்கி வெடிச்சிருச்சு."

"ஏன்?"

"நான் கொடுத்த மருந்து கெட்டுப்போனது. என் தப்புடா."

ஒவ்வொரு தடவையும் வெய்க்கோவுக்கு அது புதுச் செய்தி. ஒருநாள் கையில் இருந்த கோப்பையைத் தம்பி மேல் வீசினான். "என்னைக் கொல்லப் பார்த்தியாடா நாயே!" என்று கத்தினான். காபி ஓன்னியின் கழுத்தில் வழிந்தது. ஓன்னி துடைத்துக்கொண்டு, கோப்பைத் துண்டுகளைப் பொறுக்கினான். இன்னொரு நாள் வெய்க்கோ சிரித்தான். "உன்னை நம்பினேன் பாரு, என்னைச் சொல்லணும். சின்ன வயசுல என் கால்ல கோடாரியைப் போட்டவன்தானே நீ." வேறொரு நாள் அழுதான். எதுவாக இருந்தாலும், கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்பான். ஓன்னி மறுபடியும் அதையே சொல்வான்.

"தினமும் எதுக்கு அதையே சொல்ற? மரக்கிளை விழுந்துச்சுன்னு சொல்லிட்டுப் போயேன்" என்று நான் ஒருநாள் வெளியே வந்ததும் கேட்டேன்.

"கேக்குற உரிமை அவனுக்கு இருக்கு லெம்பி" என்றான்.

பனி உருக ஆரம்பித்த நாட்களில் ஓன்னி என் வீட்டுக்கு வந்தான். வாசலிலேயே நின்றான்.

"பீப்பாய்ல மிச்சம் இருக்குல்ல, அதை எரிச்சுடணும்."

"எரிச்சுடு. இதுக்கு என்கிட்ட கேக்கணுமா?"

"எரிக்கறதுக்கு முன்னாடி ஒருத்தர் திறந்து பாக்கணும். நான் அன்னைக்கிலேருந்து மூடியைத் தொடல. எவ்வளவு கெட்டுப்போயிருக்குன்னு எனக்குத் தெரியணும். உனக்குத்தான் கெட்ட மருந்து எப்படி இருக்கும்னு தெரியும்."

அது உண்மை. எய்னோ இறந்த பிறகு அவருடைய அலமாரியைத் திறந்தபோது, அடியில் ஒரு டப்பா கெட்டுக் கிடந்தது. மூடியின் உட்புறம் துரு ஏறியிருந்தது. திறந்ததும் புளித்த நெடி மூக்கைக் குத்திக் கண்ணில் தண்ணீர் வரவைத்தது. மருந்துமேல் செங்கல்பொடி தூவினதுபோல் ஒரு சிவப்புத் தூசி. அந்த நெடியை ஒருதரம் முகர்ந்தவர்களுக்கு மறக்காது.

"நீயே மோந்து பாத்தா தெரிஞ்சிருமே ஓன்னி."

"நான் மோந்தா எனக்கு வேணும்ங்கற வாசனைதான் வரும்."

"உனக்கு எது வேணும்?"

அவன் யோசித்தான். "அதுவும் தெரியல" என்றான்.

பீப்பாயைச் சறுக்குவண்டியில் வைத்து இழுத்து வந்திருந்தான். என் தொழுவத்துக்குப் பின்னால், வெயில் படுகிற இடத்தில் ஒரு பழைய மேசை கிடந்தது. அதன்மேல் வைத்தோம். அவன் தள்ளிப்போய் வேலிப் பக்கம் நின்றுகொண்டான். நான் மூடியை நெம்பினேன். சுலபமாக வந்தது. உட்புறத் தகரம் பளபளவென்று இருந்தது. ஒரு புள்ளி துரு இல்லை. குனிந்து முகர்ந்தேன். ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுக்கிற அறையில் வீசுமே, லேசான தித்திப்போடு ஒரு வாசனை, அதுதான் வந்தது. நல்ல மருந்தின் வாசனை. எனக்கே நம்பிக்கை வராமல் கையை அடிவரைக்கும் விட்டு ஒரு பிடி அள்ளினேன். சூடும் ஈரமும் பட்டதென்றால் அடியில்தான் கட்டி தட்டும். ஒரு கட்டி இல்லை. விரலிடுக்கில் சரசரவென்று வழுக்கி விழுந்தது. வெள்ளைத் துணியில் கொட்டி உதறினேன். துணியில் சிவப்பு ஒட்டவில்லை.

"என்ன?" என்றான் ஓன்னி.

"இரு."

ஒரு சிட்டிகையைத் தரையில் கோடாக இழுத்துத் தீக்குச்சி வைத்தேன். மஞ்சள் சுடர் நிதானமாக ஓடி முடிந்தது. கெட்ட மருந்து கக்கும் சிவந்த புகை வரவில்லை.

"கிட்ட வா ஓன்னி. இந்த மருந்துல ஒரு கேடும் இல்ல."

அவன் வந்தான். குனிந்து முகர்ந்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். மறுபடியும் முகர்ந்தான்.

"உனக்கு ஜலதோஷமா லெம்பி?"

"எனக்கு ஒண்ணும் இல்ல."

"அப்போ சுட்டுப் பாக்கலாம்" என்றான். அவன் குரல் மாறிவிட்டிருந்தது.

உள்ளே போய் அந்த மருந்தை அளந்து கொஞ்சம் தோட்டா அடைத்தேன். எய்னோவின் துப்பாக்கியை ஒரு டிராக்டர் டயரில் வைத்துக் கட்டினோம். விசையில் கயிறு கட்டி, தொழுவச் சுவருக்குப் பின்னால் நின்றுகொண்டு இழுத்தோம். எல்லாம் ஒழுங்கான வேட்டு. ஒவ்வொரு முறையும் துப்பாக்கியின் பூட்டு சிக்காமல் திறந்தது. கூடுகளில் வீக்கமோ கீறலோ இல்லை. ஓன்னி ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

அவன் சந்தோஷப்படுவான் என்று நான் எதிர்பார்த்தேன். ஊர் வாயில் கிடந்து அரைபட்டது போதும், ரூடியை இங்கே இழுத்துவந்து முகர வைக்கலாம் என்றெல்லாம் எனக்குத் தோன்றியது. ஓன்னி மேசை ஓரத்தில் உட்கார்ந்து கைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

"இது மெதுவா எரியற மருந்து. கூட்டோட கழுத்து வரைக்கும் அமுக்கி அடைச்சாலும் துப்பாக்கியை உடைக்காது" என்றான்.

"ஆமா."

"வெய்க்கோகிட்ட பிஸ்டல் மருந்து ஒரு டப்பா இருக்கு."

நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கைத்துப்பாக்கி மருந்து வெடுக்கென்று எரியும். அதை இந்த மருந்தின் எடைக்கு எடை பெரிய கூட்டில் போட்டால், எந்த இரும்பும் தாங்காது. ஆனால் வெய்க்கோ அப்படிச் செய்கிற ஆளா? ஒரு வேலை முடியும்வரை மேசைமேல் இன்னொரு டப்பாவே இருக்கக் கூடாது என்று எங்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி அலுத்தவன் அவன்.

வெய்க்கோ வீட்டுக்குப் போனோம். கதவைத் திறந்த ஹெல்வி எங்கள் முகத்தைப் பார்த்தாள். ஓன்னி பீப்பாயிலிருந்து அள்ளிவந்த மருந்து டப்பாவைப் பார்த்தாள்.

"நிலவறைக்குப் போகணும் ஹெல்வி. அவன் அடைச்ச தோட்டா மிச்சம் இருக்குமே, அதைப் பாக்கணும்" என்றான் ஓன்னி.

"இப்ப எதுக்கு? அவர் தூங்குறார்."

"சத்தம் போட மாட்டோம்."

"வேண்டாம் ஓன்னி."

அவள் வழியை விடாமல் நின்றாள். ஓன்னி அவளைத் தொடவில்லை, தள்ளவில்லை. காத்துக்கொண்டு நின்றான். கடைசியில் அவளாகவே விலகி, எங்களுக்கு முன்னால் படி இறங்கி, விளக்கைப் போட்டாள்.

வெய்க்கோ தோட்டா அடைக்கும் மேசை துடைத்துச் சுத்தமாக இருந்தது. ஒரு மரப்பெட்டியில் தோட்டாக்கள் வரிசையாக நின்றன. ஓன்னி ஒன்றை எடுத்து, குண்டை உருவுகிற, சுத்தியல் மாதிரியான குழாய்க் கருவிக்குள் வைத்துத் தரையில் தட்டினான். மூடியைத் திறந்து உள்ளங்கையில் கொட்டினான். பென்சில் கரித் துணுக்கு ஒன்றுகூட இல்லை. எள்ளை நசுக்கித் தட்டையாக்கினதுபோல் சின்னச் சின்ன வட்டத் தகடுகள். கைத்துப்பாக்கி மருந்து.

அவன் அதைத் தராசில் போட்டான். ஓன்னி கொடுத்த மருந்துக்கு வேண்டிய எடை அப்படியே இருந்தது. வெய்க்கோ அளப்பதில் தவறவில்லை. எந்த டப்பாவிலிருந்து அளக்கிறோம் என்பதைத்தான் மறந்திருக்கிறான்.

"உனக்குத் தெரியும்" என்றான் ஓன்னி. ஹெல்வியைப் பார்க்காமலேயே சொன்னான்.

ஹெல்வி படியில் உட்கார்ந்தாள். "போன கோடையிலேருந்தே அவர் சரியில்ல. காபியில உப்பைப் போட்டார். சிரிச்சோம். அப்புறம் ஒருநாள் விடியறதுக்கு முன்னாடியே எழுந்து, சோத்து டப்பாவைத் தூக்கிக்கிட்டு, ஷிஃப்டுக்கு நேரமாச்சுன்னு சுரங்கத்துக்கு வண்டி ஓட்டிட்டுப் போயிட்டார். வாசல்ல பூட்டு தொங்குது, துருப்பிடிச்சுக் கிடக்குது, அங்க நின்னு கேட்டைத் தட்டிட்டு இருக்கார். நான் போய்க் கூட்டிட்டு வந்தேன். வண்டியில அழுதார். யார்கிட்டயும் சொல்லாதே, ஓன்னிகிட்ட முக்கியமா சொல்லாதே, சொன்னா துப்பாக்கியைப் புடுங்கிடுவான், என்னை அம்மாவைப் போட்ட இடத்துல கொண்டுபோய்ப் போட்டுடுவாங்கன்னார். சத்தியம் வாங்கிட்டார்."

அவர்களுடைய அம்மா மாவட்ட முதியோர் விடுதியில், பிள்ளைகள் யாரென்றே தெரியாமல் செத்தவள்.

"ஆஸ்பத்திரியிலேருந்து வந்ததும் இங்க இறங்கினேன்" என்றாள் ஹெல்வி. "ரெண்டு டப்பாவும் திறந்து கிடந்துச்சு. மூடி வெச்சேன். மேசையைத் துடைச்சேன். நீயா வந்து உன் மருந்துன்னு சொன்ன ஓன்னி. நான் உன்னைச் சொல்லச் சொல்லல. ஆனா இல்லைன்னும் சொல்லல. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். நீ விறகு பொளக்கற சத்தம் கேக்கும்போதெல்லாம் காதைப் பொத்திக்குவேன்."

"குளிர்காலம் முழுக்க ஹெல்வி." ஓன்னி அவள் பக்கம் திரும்பினான். "குளிர்காலம் முழுக்க நான் தூங்கல. அவன் கண்ணை நான் புடுங்கிட்டேன்னு நெனச்சு ஒவ்வொரு நாளும்... கடைக்குள்ள என்னை எப்படிப் பேசறாங்கன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் எனக்குக் காபி ஊத்தின."

அவள் முகத்தை மூடிக்கொண்டாள். நான் அவள் பக்கத்தில் போய் உட்காரவா, அவனைப் பிடித்துக்கொள்ளவா என்று தெரியாமல் நடுவில் நின்றேன்.

அப்போது மேலே தரைப் பலகை கிறீச்சிட்டது. வெய்க்கோ எழுந்துவிட்டான்.

"ஹெல்வி! யார் கீழ?"

ஓன்னி தோட்டாப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியேறினான். நாங்கள் பின்னால் போனோம். வெய்க்கோ சமையலறையில் கலைந்த தலையோடு நின்றிருந்தான். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. காபி இருக்கிறதா என்று கேட்டான். நாற்காலியை இழுக்கக் கையை நீட்டியவன், அந்தக் கையைப் பார்த்தான்.

"இது என்னடா ஓன்னி? என் விரலெல்லாம் எங்க?"

ஓன்னி பெட்டியோடு நின்றான். அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"துப்பாக்கி வெடிச்சிருச்சுடா" என்றான்.

"ஏன்? நான் ஏதும் தப்பா அடைச்சிட்டேனா?"

அதுவரை வெய்க்கோ இப்படிக் கேட்டதே இல்லை. அந்த ஒற்றைக் கண்ணில் அப்படி ஒரு பயம்.

"நீயா? நீ எப்படா தப்பா அடைச்சிருக்க? நான் கொடுத்த மருந்து. சானாவுக்கு அடியில கிடந்து கெட்டுப்போனது. என் தப்பு."

வெய்க்கோ மெதுவாக உட்கார்ந்தான். பயம் இறங்கியது. "உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கேன், மருந்தைச் சூட்டுல வைக்காதேன்னு" என்றான்.

"சொல்லியிருக்க."

"சரி விடு. உட்காரு. காபி குடி."

ஓன்னி உட்கார்ந்தான். ஹெல்வி ஊற்றினாள். அன்று அவள் அடுத்த அறைக்குப் போகவில்லை.

அந்தத் தோட்டாக்களையெல்லாம் நாங்கள் இருவரும் பிரித்தோம். பீப்பாயில் இருந்த நல்ல மருந்தையும் ஓன்னி என் வயலில் மெலிதாகப் பரப்பி, கோடு கோடாக எரித்துவிட்டான். அது கிடந்தால் யாராவது ஒருநாள் திறந்து முகர்ந்து பார்ப்பார்கள் என்றான். ரூடியிடம் நான் வாய் திறக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டான். கடையில் கேலி தொடர்ந்தது. அவன் தொப்பியைத் தொட்டுவிட்டு வந்துகொண்டிருந்தான். முன்பு குனிந்து போவான். இப்போது நிமிர்ந்து போனான், அவ்வளவுதான் வித்தியாசம்.

வெய்க்கோவை விடுதியில் சேர்க்கவில்லை. அவன் அந்த வருஷம் இலை உதிர்கிற நேரத்தில், நெஞ்சில் சளி கட்டி, தன் கட்டிலிலேயே இறந்தான். கடைசி நாட்களில் கைக்கு என்ன ஆயிற்று என்று கேட்பதையும் விட்டுவிட்டான். ஓன்னியை அப்பா என்று கூப்பிட்டான். ஓன்னி "என்னடா" என்று கேட்டுக்கொண்டு கிட்டே போவான்.

அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் எல்லோரும் காபிக்கு உட்கார்ந்தோம். ரூடி குரலைத் தாழ்த்தித்தான் பேசினான். ஆனால் அந்த அறையில் தாழ்ந்த குரலும் கேட்கும்.

"அந்த வெடி மட்டும் இல்லேன்னா வெய்க்கோ இன்னும் பத்து வருஷம் இருந்திருப்பான்."

ஹெல்வி எழுந்தாள். கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"ஓன்னி கொடுத்த மருந்துல ஒரு குறையும் இல்ல. என் வீட்டுக்காரர் டப்பா மாத்தி அடைச்சார். அவருக்கு நினைவு போயிருந்துச்சு. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் துப்பாக்கியை எடுத்து ஒளிச்சு வைக்காதவ நான். ஓன்னியை விட்டுடுங்க."

ரூடி முகம் சிவந்து எழுந்து ஓன்னியை நோக்கி வந்தான். ஓன்னி அவனைப் பார்க்கவே இல்லை. ஹெல்வியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன் சொன்ன?" என்றான். "மண்ணு கூட இன்னும் காயல. அவன் யாருக்கும் தெரியக் கூடாதுன்னு உன்கிட்ட சத்தியம் வாங்கினானே. நான் சுமந்துட்டுத்தானே இருந்தேன்? நான் கேட்டேனா உன்னை?"

கோட்டைக்கூட எடுக்காமல் வெளியே போய்விட்டான். நான் அதை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். அவன் வண்டி போய்விட்டது.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அவன் ஹெல்வி வீட்டுப் பனியைத் தள்ளத்தான் செய்தான். ஆனால் உள்ளே போகவில்லை. அவள் ஜன்னலில் வந்து நிற்பாள். அவன் பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போவான். ரூடியும் மற்றவர்களும் அவனிடம் மன்னிப்புக் கேட்க வந்தார்கள். கதவைத் திறந்து, கேட்டுவிட்டு, மூடிவிட்டான். மான் வேட்டைக்கு அந்த வருஷம் எங்களில் யாரும் போகவில்லை.

வசந்தத்தில் ஹெல்வி வீட்டை விற்றுவிட்டு, டுலூத்தில் இருக்கும் மகளிடம் போக முடிவு செய்தாள். பஸ்ஸில் ஏற்றிவிட நான் அவள் வீட்டுக்குப் போனபோது, ஓன்னி தன் வண்டியோடு வாசலில் நின்றான். பெட்டிகளைத் தூக்கித் தன் வண்டியில் வைத்தான். மூவரும் முன்னிருக்கையில் நெருக்கி உட்கார்ந்து போனோம். பஸ் நிறுத்தத்தில் குளிர்ந்த காற்று. ஹெல்வி கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள்.

"ஓன்னி, அன்னைக்கு நான் பேசினது தப்பா?"

"தெரியல ஹெல்வி. அப்போ தப்புன்னு தோணிச்சு. இப்போ தெரியல."

"அவர் இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பார்?"

ஓன்னி மூக்கைத் துடைத்துக்கொண்டான். "உன்னைத் திட்டியிருப்பான். என் மேல ஒரு கோப்பையை விட்டெறிஞ்சிருப்பான். அப்புறம் மறந்துட்டு, காபி இருக்கான்னு கேட்டிருப்பான்."

ஹெல்வி சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே உடைந்தது. ஓன்னி அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டான். பஸ் வந்து கதவைத் திறந்துகொண்டு நின்றது. ஓட்டுநர் எங்களைப் பார்த்துவிட்டு, இறங்கிப் பெட்டிகளை எடுத்து வைக்கத் தொடங்கினார்.